முதல் அறையைத் தாண்டாதவள்

மார்ச் 3
லாண்டரியில் இன்று முழுக்க ஆஸ்பத்திரி விரிப்புகள். தேய்த்துத் தேய்த்துக் கை விட்டுப்போனது. பாப்பா அவள் கம்பெனியில் செய்கிற கேமை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். விளையாடத் தெரியாதவர்கள் விளையாடிப் பார்க்க வேண்டுமாம். பெற்ற மகளுக்கு என்னைப் பற்றி எவ்வளவு மரியாதை!

மங்கலான அறை. ஒரு நிழல் ஆள் முன்னால் போவான், நாம் பின்னால் போக வேண்டும். கதவருகே விளக்கைத் தொட்டால் நிழல் மறையும், கதவு திறக்கும். “கதைல எல்லாம் வெளிச்சம் நல்லது, நிழல் கெட்டதுன்னே எழுதி வச்சிருக்காங்கம்மா. எங்க கேம்ல நிழல்தான் வழி காட்டும்” என்றாள். காலேஜில் இதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினாளாம். அப்போ மத்தியானம் நிழல் பார்த்து ஒதுங்குகிற நான் யாருடி, வில்லியா என்று கேட்டேன். முறைத்தாள்.

மார்ச் 4
அந்த நிழலுக்கு இடது தோள் இறங்கியிருக்கிறது. வீடு வீடாக கேஸ் சிலிண்டர் தூக்கி என் வீட்டுக்காரருக்கு இறங்கியதே, அதே மாதிரி. நாலு எட்டு வைக்கிறது, பேண்ட்டை இழுத்து விட்டுக்கொள்கிறது. பெல்ட் வாங்கிக் கொடுத்தும் போடாத மனிதர். செத்தும் போடவில்லை.

பாப்பாவிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 7
விளக்கைத் தொடவில்லை.

மார்ச் 11
டீ நேரத்தில் அறையையே சுற்றி வந்தோம். நான் நின்றால் அவரும் நிற்கிறார். உயிரோடு இருந்தபோது கடைத்தெருவில் ஒரு நாளாவது நின்றிருப்பாரா?

மார்ச் 15
பாப்பாவோடு வேலை பார்க்கிற சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தார். கேமில் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமாம். “ஒருத்தங்க மட்டும் முதல் ரூம்லயே சுத்துறாங்க. நீங்கதான் ஆன்ட்டி. விளக்கு பட்டன் சின்னதா இருக்கோ?”

“ஆமாப்பா, கண்ணே தெரியல” என்று அளந்துவிட்டேன்.

மார்ச் 18
பட்டன் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. மினுக் மினுக்கென்று வேறு. பாவம் சோடாபுட்டி.

மார்ச் 20
பாப்பா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். “பட்டன் தெரியலையா, தொட மனசு வரலையா?”

காய் நறுக்கினேன். அப்புறம் முடியல. ஏன்டி அவரை இதுக்குள்ள கொண்டுவந்து விட்ட? வெளக்கு போட்டா போயிடுவாருன்னு தெரிஞ்சேதானே வச்ச? நான் எப்படிடி போடுவேன் - ஒரு தடவை போனது போதாதா?

அவளும் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் நடக்கிற பழைய வீடியோவைப் பார்த்துச் செய்தாளாம். “என்னாலயும் தொட முடியலம்மா. அந்தக் கண்ணாடிக்காரரைத்தான் டெஸ்ட் பண்ணச் சொன்னேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்பா அடுத்த ரூம்லயும் வருவார்மா” என்றாள்.

அடிப்பாவி! இதை முன்னாடியே சொல்ல என்ன கேடு?

இருவரும் விரலைச் சேர்த்து வைத்துத் தொட்டோம். போனார். கதவு திறந்தது. அங்கே பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார், நான்தான் என்னவோ லேட் என்பது மாதிரி.

மார்ச் 24
மாடிப்படி அறை. அவரை முந்திவிட்டேன். கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை.

மார்ச் 29
இன்று கடைசி அறை. அதில் அவர் வரமாட்டார் என்று பாப்பா முன்னாடியே சொல்லிவிட்டாள். கூட உட்காரட்டுமா என்றாள். வேண்டாம், நீ தூங்கு என்றேன். சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். விளக்கை நானே தொட்டேன். போனார், கதவு திறந்தது. காலி அறை, நல்ல வெளிச்சம். சுவருக்கு சோடாபுட்டி அடித்திருக்கிற பச்சை சகிக்கவில்லை. காலையில் போன் போட்டுச் சொல்ல வேண்டும்.