மேஜையில் இரண்டு தட்டு

ஜூன் 11

வாயாடியின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

முதலில் செய்தி. இல்லாவிட்டால் "விஷயம் எந்தப் பாராவுல இருக்கு?" என்று கேட்பீர்கள். பள்ளி திறந்ததும் வைத்த தேர்வில் நம் மகள் ஆங்கிலத்தில் தேறவில்லை. சொன்னவர் வகுப்பாசிரியை. விடைத்தாளை நானும் கண்ணால் பார்த்தேன். ஆக, உங்கள் சட்டப்படி இரண்டு சாட்சி.

இலக்கணம், கட்டுரை எல்லாம் ஏதோ எழுதியிருக்கிறாள். டிக்டேஷன் பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. "போன வருஷம் கிளாஸ்லயே இவதான் நல்லா எழுதுவா. இப்போ பேனாவ மூடி வெச்சுட்டு என்னையே பாக்குறா. வீட்டுல ஏதாச்சும்..." என்று டீச்சர் இழுத்தார். வீட்டில் ஒன்றுமில்லை என்றேன். பத்திரிகைக்காரரான நீங்கள் மாற்றலாகிப் போனதும், அறிவிப்பாளரான நான் பஸ் நிலையத்து மைக்கை விட்டு வரமாட்டேன் என்றதும், இரண்டு வருஷமாக இரண்டு வீடு என்பதும் அவருக்கு எதற்கு?

அரையாண்டுத் தேர்விலும் இப்படியே வந்தால் மேல்வகுப்பில் அவள் கேட்கிற பிரிவு கிடைக்காது.

காரணம் நம் இருவருக்கும் தெரியும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நீங்கள் போனில் ஆங்கிலச் செய்தி வாசிப்பீர்கள். அவள் எழுதுவாள். கமா வந்தால் உங்கள் மேஜையில் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் அது நின்றது. கடைசியாகப் பேசியபோது உங்கள் குரல் கரகரத்தது. என்னவென்று கேட்டேன். "உறுதியானதும் சொல்றேன், வை" என்றீர்கள். சளி உறுதியாக இத்தனை நாளா?

மறுபடி ஆரம்பியுங்கள். முடியாதென்றால் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆளைச் சொல்லுங்கள். நாம் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் கடிதம் என்று வைத்துக்கொண்டோம். அவளோடு பேச என்ன தடை?

இப்படிக்கு,
வாயாடியின் அம்மா


ஜூன் 18

வாயாடியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. வெள்ளைப் பக்கம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் இனி முடியாது. இங்கே நிலைமை அப்படி. கோபித்துக்கொள்ளாமல் ஆள் பார்.

படிப்பு எவ்வளவு என்று கேட்காதே, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேள். குரல் தெளிவாக இருக்க வேண்டும். புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு முணுமுணுக்கிறவர் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி புகழ்ந்தாள் என்று உடனே அமர்த்திவிடாதே. அவரிடம் படித்த இரண்டு வீடுகளிலாவது தனித்தனியாகக் கேள். சிரிக்காதே. ஒருவர் சொன்னதை நம்பிக் கடை பூட்டியிருக்கிறது என்றுகூட நான் எழுதியதில்லை. என் பெயரில் ஒரு திருத்தமும் வந்ததில்லை.

எழுதும்போது இன்னமும் நாக்கை வெளியே நீட்டுகிறாளா?

நான் நலம்தான்.

வாயாடியின் அப்பா


ஜூன் 30

வாயாடியின் அப்பாவுக்கு,

நீட்டுகிறாள். கணக்குப் போடும்போது மட்டும். ஆங்கிலத்துக்கு நாக்கும் லீவு.

ஆள் வேட்டை நடக்கிறது. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இரண்டு வீடுகளில் நல்ல பெயர். ஒரு மணி நேரமும் தான் போன வெளிநாட்டுப் பயணத்தையே ஆங்கிலத்தில் சொன்னார். அவர் போனதும் இவள், "அம்மா, பாவம்மா அவரு. வீட்டுல யாரும் கேக்க மாட்டாங்க போல. நாமதான் அவருக்கு ஏதாச்சும் குடுக்கணும்" என்றாள். அடுத்து ஒரு கல்லூரிப் பெண். பாடத்தைக் கைபேசி வாசித்தது, அவள் நகத்துக்குச் சாயம் பூசினாள். "இதுக்கு எங்க அம்மா பஸ் ஸ்டாண்டுல கத்துறதே தேவலைக்கா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள் உங்கள் மகள்.

சரி, நானே வாசிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். "'பயணிகளின் கவனத்திற்கு'ன்னு ஆரம்பிம்மா, அப்பதான் உனக்கு வரும்" என்றாள். வாய் யாரைக் கொண்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக வந்த வாத்தியார் உண்மையிலேயே நல்லவர். கணீரென்ற குரல். நீங்கள் கேட்ட எல்லாம் இருந்தது. அவர் முதல் வரியை வாசித்தார். இவள் பேனாவை மூடி வைத்தாள். "உங்க மேல தப்பில்ல சார். எங்க அப்பாவுக்கு வேலை கொறஞ்சதும் அவரே வாசிப்பாரு. அதுவரைக்கும் இந்தப் பேனா எழுதாது" என்றாள். அவர் கோபிக்கவில்லை. வாசல்வரை போனவரிடம், "தெரியாம பேசுது சார்" என்றேன். "தெரிஞ்சுதாம்மா பேசுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அரை மணி நேரம். வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம் உங்களிடம் இல்லையா? ஊர் முழுக்க யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதுகிறவர், சொந்த மகள் சொல்வதை எப்போது கேட்பீர்கள்?

வாயாடியின் அம்மா


ஜூலை 8

வாயாடியின் அம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது. படுத்துக்கொண்டு எழுதுகிறேன். சோம்பல் என்று வைத்துக்கொள்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன். ஒரு விஷயம் இன்னும் உறுதியாகவில்லை. ஆனதும் எழுதுகிறேன்.

ஆள் கிடைத்துவிட்டார். முன்பு என் ஆபீஸில் பிழைதிருத்துகிறவராக இருந்த அக்கா. உன் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில்தான் மகனோடு இருக்கிறார். அச்சுக்குப் போகும் முன் என் செய்திகளை மேஜைக்கு மேஜை உரக்க வாசித்துச் சரிபார்த்தவர். இவரைப் பற்றி நீ யாரிடமும் கேட்க வேண்டாம். நான் ஒருவன் சொல்வதை மட்டும் நம்பு.

எப்படி வாசிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் அவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

வாயாடியின் அப்பா


ஜூலை 27

வாயாடியின் அப்பாவுக்கு,

மாதத் தேர்வில் தேறிவிட்டாள். டிக்டேஷன் பக்கத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. சொன்னவர் வகுப்பாசிரியை. இரண்டாவது சாட்சி, தெரு முழுக்கக் கேட்ட உங்கள் மகளின் கூச்சல்.

அக்கா வந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும். இவள் வழக்கம்போல் பேனாவை மூடி, கையைக் கட்டிக்கொண்டாள். அக்கா கண்டுகொள்ளவே இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். கமா வந்தது, மேஜையில் ஒரு தட்டு. வரி முடிந்தது, இரண்டு தட்டு. இவள் சட்டென்று நிமிர்ந்து, "இத உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். "இப்படித்தான் வாசிக்கணும்னு ஒருத்தர் உத்தரவு. நீ எழுதலன்னா எனக்குத்தான் திட்டு விழும்" என்றார் அக்கா. இவள் பேனாவைத் திறந்தாள். நாக்கும் வெளியே வந்தது.

ஆனால் நான் உங்கள்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். மார்க் வந்த அன்று அவளே உங்கள் அறைக்குப் போன் செய்தாள். யாரோ எடுத்தார்களாம். "அப்பா, அப்பா" என்று கத்தியிருக்கிறாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதாம். இவளுக்குத்தான் தெரியுமே, "யாருய்யா அது? பேசினா வாயிலருந்து முத்து உதிர்ந்துடுமா?" என்று ஒரு பிடி பிடித்திருக்கிறாள். பிறகு டொக் டொக் என்று ஏதோ தட்டுகிற சத்தம். அத்தோடு வைத்துவிட்டார்களாம். லைன் கோளாறு என்று சமாதானம் சொன்னேன்.

பெண் மார்க் வாங்கியிருக்கிறாள். வாழ்த்தாவது எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் எழுதுகிறீர்கள்.

வாயாடியின் அம்மா


ஆகஸ்ட் 14

என்னங்க,

உறுதியான செய்தி: மே மாதம் உங்கள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சொன்னவர் அக்கா. உங்களிடமிருந்து பதில் வராமல் நான் அவரிடம் உங்களைத் திட்டித் தீர்த்தபோது, தாங்க முடியாமல் சொல்லிவிட்டார். நான் நம்பவில்லை. உங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தேன். எடுத்த ஆபரேட்டர் பெண், "சாருக்கு ஆபரேஷன் ஆனது... உங்களுக்கு யாரும் சொல்லலியாம்மா?" என்றாள். இரண்டு பேர் ஆகிவிட்டது. நம்பிவிட்டேன்.

மீதியையும் அக்கா சொன்னார். தொண்டையில் கட்டி, குரல் போய்விடும் என்று ஏப்ரலிலேயே ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் இரண்டாவது டாக்டரின் வார்த்தைக்குக் காத்திருந்தீர்கள். அவர் வெளியூரிலிருந்து திரும்புவதற்குள் மூச்சடைத்து, உடனே செய்ய வேண்டியதாகிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்ல உங்களுக்கு ஏப்ரல் மாதம் முழுக்கக் குரல் இருந்தது. கரகரப்பாகவாவது இருந்தது. ஒரு ஞாயிறு அவளுக்கு வாசித்திருக்கலாம். உறுதியாகாத செய்தி என்று வைத்துக்கொண்டீர்கள். ஆபரேஷன் முடிந்த பிறகாவது சொன்னீர்களா? கட்டி வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று இன்னும் ஒரு பரிசோதனை முடிவு பாக்கியாம். அதுவும் உறுதியாகட்டும் என்று இருந்தீர்களாம்.

உங்கள் குரலில் எனக்கென்று கடைசியாக மிஞ்சியிருப்பது "உறுதியானதும் சொல்றேன், வை" என்பதுதான். அதையே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று மைக்கின் முன் உட்கார்ந்தவள், எந்த பஸ் என்று தெரியாமல் அப்படியே இருந்துவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து மைக்கை அணைத்தார்.

அவளிடம் சொன்னேன். முதலில் அழவில்லை. "அப்போ அன்னிக்குப் போனை எடுத்தது அப்பாதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "முத்து உதிர்ந்துடுமான்னு கேட்டேனேம்மா" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நான் என்ன சொல்லித் தேற்றுவது? அவளை வாயாடி என்று கூப்பிட வாய் வரவில்லை.

நாங்கள் பார்க்க வரக் கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்களாம். கழுத்தில் துளை இருக்கிறது, குழந்தை பயப்படுவாள் என்று. அவள் பயப்படுவாளா என்று யாரைக் கேட்டீர்கள்? இந்தச் செய்திக்கு உங்களிடம் ஒரு சாட்சிகூட இல்லை. இருந்தாலும், நீங்கள் வரச்சொல்லாமல் வரமாட்டோம். அந்த அளவுக்கு நம்மிடையே தூரம் விழுந்துவிட்டது. எனக்கும் தெரிகிறது.

பாக்கியிருப்பவை இரண்டு. பரிசோதனை முடிவு மாதக் கடைசியில் வருமாம். அதற்கு நாம் ஒன்றும் செய்வதற்கில்லை.

மற்றது இந்த ஞாயிறு. மாலை ஆறு மணிக்கு அவள் போன் செய்வாள். இந்த முறை வாசிப்பது அவள். உங்கள் பெயரில் வந்த பழைய செய்தி ஒன்றை அவளும் அக்காவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தப்பாக வாசித்தால் மேஜையைத் தட்டுவீர்களாம். அவள் போட்ட சட்டம். நான் பக்கத்தில் இருப்பேன், பேச மாட்டேன்.

நீங்கள் எடுப்பீர்களா என்று அவள் கேட்டாள். உறுதியாகத் தெரியாது என்றேன்.

உங்கள்,
மனைவி