உன் கட்டத்தில் என் பக்கெட்

அன்பு மாப்பிள்ளைக்கு,

பத்திரிகையில் உன் படக்கதை வந்துகொண்டிருந்த கட்டத்தை நான் விலைக்கு வாங்கி, அதில் என் கடை பக்கெட்டுக்கு விளம்பரம் போட்டேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நம் சரக்கு லாரி டிரைவர் எல்லை தாண்டி வருகிறார். தபாலை எல்லாம் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதால் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அக்கா நலம். என்னோடுதான் பேசுவதில்லை. உன் மைப்புட்டிகள் காய்ந்துவிடக் கூடாது என்று அடிக்கடி மூடியை இறுக்கி வைக்கிறாள். நெருக்கடி நிலையை இன்னும் எடுக்கவில்லை.

ஆட்சியைக் கேலி செய்து வரைந்ததற்காக உன்னைத் தேட ஆரம்பித்து, நீ தப்பிப் போன பிறகு, பத்திரிகை ஆசிரியர் உன் கட்டத்தைச் சுற்றிக் கோடு மட்டும் போட்டு, உள்ளே காலியாக விட்டார். பஸ் ஸ்டாப்பில் பேப்பர் வாங்குகிறவன் தலைப்புச் செய்தியைப் பார்க்காமல் நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். உன் 'மீசைப் பெரியவர்' இன்றைக்கு என்ன உளறியிருப்பார் என்று அவனவன் மனசுக்குள் வரைந்து சிரித்துக்கொண்டான். எனக்கோ வியாபார புத்தி. ஊரே பார்க்கிற இடம் சும்மா கிடக்கிறதே என்று கை அரித்தது. ஆசிரியரை விசாரணைக்குக் கூட்டிப்போயிருந்த நேரம் பார்த்து, விளம்பரப் பிரிவில் பேசிப் பாதி விலைக்கு முடித்தேன்.

விளம்பரம் வந்த அன்றே கடையில் கூட்டம். ஆளாளுக்கு பக்கெட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தொங்குகிற கைப்பிடி பெரியவரின் மீசையாம். நீதான் எங்கிருந்தோ வரைந்து அனுப்பினாயாம். ஒரு வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் நெஞ்சுறுதி எங்களுக்கு வராது என்றார். நான் மறுக்கவில்லை, மாப்பிள்ளை. பக்கெட்டையும் விற்றேன், பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். சுவரிலிருந்த கடை உரிமத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் படம் போடுகிறவன் உனக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

"யாரோ எவனோ, சார். எனக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல," என்றேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன். உரிமம் மறுபடி ஆணியில் ஏறியது. திரும்பினால், சரக்குக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த உன் அக்கா நிற்கிறாள்.

"அந்த பக்கெட்டுக்கு இருந்த தைரியம்கூட உங்களுக்கு இல்லையே," என்றாள். கடைசியாகப் பேசியது அதுதான்.

என் தள்ளுவண்டிக்கு முதல் பெயர்ப்பலகை எழுதித் தந்தது, அரை டிராயர் போட்ட நீ. அது இன்னும் கல்லாவுக்கு மேலேதான் தொங்குகிறது. கடைக்குள் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

ஆசிரியரை விட்டுவிட்டார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லவில்லை, நியாயம்தான். உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாகத் திரும்பி வா. வந்து என்னை எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் வரை.

நேற்று பேசி முடித்தது இது: நீ வரும்வரை அந்தக் கட்டம் என் செலவில் காலியாகவே இருக்கும். என் சரக்கோ வேறு எவன் சரக்கோ அதில் ஏறாது. பணம் கட்டியவர் யார் என்று கீழே அச்சடித்தாக வேண்டுமாம். அதனால் நாளை முதல் தினமும், என் கடை விலாசத்தோடு, 'ஓவியரின் அக்கா கணவர்' என்று வரும். விலை முழுக் கட்டணம். பேரம் பேசவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்