வாசலில் போட்ட பந்தல்

சூரத்,
12.9.2009

அன்புள்ள கன்னியம்மாளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

மில்லில் டிசைன் போடும் வந்தவாசிக்காரன் கமலக்கண்ணன், வானத்திலிருந்து எடுத்த படங்களால் ஆன பூமி உருண்டையைக் கம்ப்யூட்டரில் சுழற்றிக் காட்டினான். நானே மௌஸ் பிடித்துப் பழகி, வெளிநாட்டு மாடிக் கட்டடங்களை எல்லாம் சுற்றிவந்தேன். நேற்று ஆரணியில் இறங்கி, நம் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறது.

"இன்னா பெரியவரே, ஊட்ல விசேஷமா? எங்களுக்குச் சோறு இல்லியா?" என்று சிரித்தான். படத்தின் தேதி போன தை மாதம். நான் கோபித்துக்கொண்டு கிளம்பியது அதற்கு முந்தின கார்த்திகையில்.

வாழைமரம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கப் படத்தைச் சாய்த்தேன். வெளிநாட்டில் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. நம் தெரு அப்பளம் போலத் தட்டையாகிவிட்டது.

நம் பெண் ஸ்வர்ணலதாவைத் தெள்ளார்ப் பையனுக்குக் கொடுக்கமாட்டேன் என்றேன். இன்றும் அதுதான் என் பேச்சு. ஆனால் போனில் எல்லோரும் பேசுகிறீர்கள், அவள் மட்டும் பேசுவதில்லை. கேட்டால், "தறியில குந்திகினு கீறா" என்கிறாய். சாவுக்கும் பந்தல் போடுவார்கள், கன்னியம்மா.

போனில் கேட்டால் மழுப்புவாய், அதனால் எழுதுகிறேன். என் பழைய மூக்குக்கண்ணாடியையும் அனுப்பு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

கல்யாணம் என்றால் என் கோபம் தீராது. தீரவேண்டாம். கல்யாணம் என்றே எழுது.

அருணகிரி