மலாயில் சொன்னது

பஃபலோ ரோடு,
சிங்கப்பூர்.
14.8.1962

அன்புத் தம்பி சேதுபதிக்கு, அக்கா எழுதுவது. ஈப்போவில் நீயும் உன் மனைவி, பிள்ளைகளும் சுகமாயிருக்கக் காளியம்மனை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் அத்தானுக்குக் காசநோய் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது காசநோய் இல்லையாம். மாதக்கணக்காக ஊசி போட்டும் எக்ஸ்ரே படத்தில் நெஞ்சுப் புள்ளிகள் பெருகித்தான் இருந்தன. அவர் தட்டையும் குவளையையும் நான் தனியே ஒதுக்கி வைத்ததெல்லாம் வீண்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார். எங்களில் ஆங்கிலம் தெரிந்தவள் மகள் ரஞ்சிதம்தான். பெற்ற மகள் அதைக் கேட்டால் எந்த அப்பாதான் வாய் திறப்பார்? அதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்குன்னு சொல்லு என்று முடித்துவிட்டார்.

அவர் வேட்டியைத் துவைக்கிறவள் நான். இரத்தக் கறை எனக்குத் தெரியாதா? ஆனால் மகள் எதிரில் தமிழில் சொல்ல எனக்கும் நா எழவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் ஹலீமாவிடம், மீன் வாங்கப் பேசுகிற மலாயில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரஞ்சிதத்துக்கும் மலாய் புரியும்தான். ஆனாலும் மலாயில் சொன்னபோது அடுத்த வீட்டு விஷயம் போல இருந்தது. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

சோதித்துப் பார்த்ததில், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியில் புற்றுநோயாம். ஹலீமாதான் எனக்கு விளக்கினாள். வழக்கமாக அது எலும்புக்குத்தான் பரவுமாம். எலும்பை விட்டுவிட்டு நெஞ்சுக்குப் போவது அபூர்வமாம், அதனால்தான் எல்லோரும் ஏமாந்தார்களாம்.

எழுதவே கை கூசுகிறது. ஆபரேஷன் செய்து அவருடைய விதைகளை எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்தால் புள்ளிகள் சுருங்கலாமாம். உறுதியாகச் சொல்ல முடியாதாம். அத்தான் சம்மதிக்கவில்லை. ஆம்பளையாப் பொறந்தேன், ஆம்பளையாவே போறேன் என்று வார்டில் வேலை பார்க்கும் மருதப்பனிடம் சொன்னாராம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அவர் இருமும்போது, அடுத்த மூச்சு வரும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.

நீ மச்சான். நீ கேலி பேசினால்தான் அவர் கேட்பார். திட்டு, கெஞ்சு, காலில் விழு, எப்படியாவது சம்மதிக்க வை. லீவு கிடைக்காவிட்டாலும் ரயிலேறி வந்துவிடு. என்மேல் அவருக்குள்ள கோபத்தை நீ தீர்த்துவைக்க வேண்டாம். ஆயுசுக்கும் அவர் என்னோடு பேசாமலே இருக்கட்டும். இருந்தால் போதும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அக்கா,
சிவகாமசுந்தரி