கொப்புக்கும் ட்யூபுக்கும் நடுவே ஒரு சாண்

என்ர இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வாய் வரும்? கடிதத்திலும் இஞ்சாருங்கோதான். சுகமாய் இருக்கிறீர்களா? அங்கே வெயில் உண்டா? இங்கே லண்டனில், ஹவுன்ஸ்லோவில் வழக்கம்போலத் தூறிக்கொண்டே இருக்கிறது.

முதலில் உங்கள் மாப்பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். வாசிக்கிறவர்கள் பிழையாக நினைக்க வேண்டாம், எங்கள் மகள் துளசிக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை என்பது முன்னறைக் கூட்டில் இருக்கிற பச்சோந்தி. விமான நிலையத்தில் உங்களோடு வேலை செய்தவர் ஊர் மாறிப் போகும்போது தந்தார் என்று கூட்டோடு தூக்கி வந்தீர்களே! "வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்று கத்தினேன். "இருந்த இடத்திலேயே இருந்து சாப்பாடு கேக்கிறான், மாப்பிள்ளையேதான்" என்று சிரித்தீர்கள். பெயரும் அதுவாகிவிட்டது.

பிறகு அந்த லைட் விவகாரம். ஒரு ஞாயிறு முழுக்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்துவிட்டு, வெயிலில் உள்ள ஒரு கதிர் பட்டால்தான் இவனுக்கு எலும்பு உறுதியாகும், அதற்கு யூ.வி.பி. லைட் வாங்க வேண்டும் என்றீர்கள்.

"யன்னலடியில வைச்சாக் காணாதே?"

"இஞ்சாரும், கண்ணாடி வெளிச்சத்தைத்தான் விடும். அந்தக் கதிரை விடாது."

கடையில் சின்னதாய், வடிவாய் இருந்த சுருள் பல்பை நான் காட்டினேன். நீங்கள் நீட்டு ட்யூப்தான் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். "சுருள் பல்ப் ஓரிடத்திலதான் அடிக்கும். ட்யூப் எண்டால் கூடு முழுக்கப் பரவும். அவன் எங்க இருந்தாலும் கிடைக்கும்." எனக்குச் சேலை எடுக்க வந்தபோதுகூட நீங்கள் அவ்வளவு நேரம் கடையில் நின்றதில்லை. எனக்கு எரிச்சல் வந்தது, உண்மையைச் சொல்லுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டூலில் ஏறி, கூட்டின் வலைக்கு மேலே ட்யூபைப் பூட்டினீர்கள். மாப்பிள்ளை ஏறி இருக்கிற கொப்புக்கும் அதற்கும் சரியாக உங்கள் கையால் ஒரு சாண் அளந்து கொப்பை வைத்தீர்கள். அந்தக் குளிர்காலம் முடிய முந்தியே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து என் தம்பி உங்கள் சட்டைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனபோது நான் மறிக்கவில்லை. ட்யூபில் மட்டும் ஒருவரையும் கை வைக்க விடவில்லை. காலையில் உங்கள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அதைப் போடுவேன், பொழுதுபட நிறுத்துவேன். இரண்டும் எனக்கு ஒன்றுதான். "மாத்த வேணும் அம்மா" என்று துளசி சொல்லத்தான் செய்தாள். "நல்லா எரியுதுதானே? அப்பா பூட்டினது, விடு" என்று வாயை அடைத்துவிட்டேன்.

போன மாதம் மாப்பிள்ளை கொப்பிலிருந்து விழுந்தான். முன்னங்கால் வளைந்திருந்தது. வெட்டுக்கிளியைப் பார்க்கிறான், நாக்கு நீளவில்லை. துளசியும் நானும் மிருக டொக்டரிடம் ஓடினோம். அந்த மனுஷி கேட்ட முதல் கேள்வி, ட்யூப் போட்டு எவ்வளவு காலம் என்பதுதான். ஒரு வருடத்துக்கு மேல் என்றாள் துளசி. வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்குமாம், உள்ளே அந்தக் கதிர் சில மாதங்களிலேயே குறைந்துவிடுமாம். எரிகிறதே என்று பார்த்திருந்தால் இவன் தப்பமாட்டான் என்றார்.

"அம்மா, ப்ளீஸ். அது ட்யூப். அப்பா இல்லை" என்றாள் துளசி, காருக்குள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. ஐயோ, நீங்கள் வளர்த்ததைச் சாகவிட்டு நீங்கள் பூட்டினதை வைத்து நான் என்ன செய்ய?

கடைக்காரன் அதே சுருள் பல்பைத்தான் நீட்டினான். "நோ! லோங் ட்யூப்!" என்றேன். கூடு முழுக்கப் பரவ வேண்டும் என்ற உங்கள் நியாயத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஒப்புவித்தேன். துளசி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நானேதான் ஸ்டூலில் ஏறினேன். பழையதைக் கழற்றினேன். புதியதைப் பூட்டிவிட்டு இடைவெளி சரியா என்று என் கையை விரித்து அளந்தேன். எட்டவில்லை. என் சுண்டுவிரலுக்கு மேலே இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. என் கைக்கும் உங்கள் கைக்கும் உள்ள வித்தியாசம் அது. ஸ்டூலில் நின்றபடியே அழுதேன்.

அவனுக்கு வைட்டமின் டி மருந்துத் துளிகளும் விடுகிறோம். கால் நிமிராது என்கிறார்கள், ஆனால் நேற்று நாக்கை நீட்டி வெட்டுக்கிளியைப் பிடித்துவிட்டான். எனக்கும் வைட்டமின் டி குறைவு என்று டொக்டர் குளிசை தந்திருக்கிறார். மாமிக்கும் மருமகனுக்கும் ஒரே வருத்தம் என்று துளசி சிரிக்கிறாள்.

இனி ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ட்யூபை மாற்றுவேன், எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றுவேன். அந்தக் கொப்பை மட்டும் நீங்கள் வைத்த இடத்திலிருந்து ஒருவரும் அசைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள்
துளசியின் அம்மா