நடு ஸ்பீக்கரில் வந்த குரல்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று கண்டிக்குப் பக்கத்தில், எங்கள் கட்டுகஸ்தோட்டை சீடிக் கடையில், வயதான பிறகு எழுத்துப் பழகும் நானே கம்ப்யூட்டர் திரையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆறு ஸ்பீக்கருக்காகப் பதிந்த ஒரு கல்யாண டிஸ்க்கை, இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்படி மருமகள் செல்வி மாற்றிக்கொண்டிருந்தாள். மேளம் வந்தது, பேச்சு வரவில்லை. ஆறு ஒலிகளையும் தனித்தனியாகப் பிரித்து, எனக்காகத் தமிழில் பெயர் போட்டாள்.

“பேச்சு நடுவுலதான் இருக்கும் மாமா. எது நடுன்னு காட்டுங்க பாப்போம்.”

விரல் வைத்துக் காட்டினேன். டிஸ்க்கைக் கொண்டுவந்த யாழ்ப்பாணத்து டீச்சரும் சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

செல்வி அதை அமுக்கினாள். மேளம் இல்லாமல் ஒரு பையனின் குரல் மட்டும் கேட்டது. “அக்கா, நீ சாப்பிட்டியோ?”

“என்ர தம்பி,” என்றார் டீச்சர். சண்டை நடக்கும் வன்னிக்குப் போன அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லையாம்.

அப்போது ஆமிக்காரர் இருவர் படியேறினார்கள். நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டேன். அவர்கள் கேட்காமலே, “அபே நெவெய் மாத்தயா,” எங்களுடையது இல்லை ஐயா, என்று சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் வந்தது ஒரு சிங்களப் பாட்டு சீடிக்கு. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

டீச்சர் கதிரையை விட்டு எழும்பியிருந்தார். “பரவாயில்லை ஐயா. நானும் என்ர தமிழ் கேட்டிடும் எண்டு பஸ்ஸில வாய் திறக்கிறேல்ல. நாளைக்கு வாறன்.”

அவர் என்னை ஏசியிருந்தாலே மேல்.

நாளை அந்தக் குரலை முழுவதும் போட்டுக்காட்ட வேண்டும். படியில் மறுபடி பூட்ஸ் சத்தம் கேட்டால் என் கை சும்மா இருக்குமா, தெரியவில்லை.