பாடும் முன் போடப்பட்ட வாக்குகள்

அனுப்புநர்:
ஆ. விநாசித்தம்பி,
ஓய்வுபெற்ற ரயில்வே எழுத்தர்,
தண்ணீர்மலைச் சாலை,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பெறுநர்:
விழா மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
வட்டாரத் தமிழ்க் கலைவிழா அலுவலகம்,
பட்டர்வொர்த்.

பொருள்: 17.11.1984 அன்று நடந்த பாட்டுப் போட்டியில் என் மனைவி திருமதி யோகலட்சுமி பாடுவதற்கு முன்பே வாக்கெடுப்பு முடிக்கப்பட்டதும், என் கருவியின் கட்டைகள் வரிசை மாறியிருந்ததாகக் கூறி அவர் விலக்கப்பட்டதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசையில் மனுக்கள் ஏற்கெனவே குவிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ரயில்வேயில் நானும் அப்படிப்பட்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் கழித்தவன். ஆகவே இம்மனுவைச் சுருக்கமாக எழுதுவதென்று உறுதி செய்துகொண்டேன். அந்த உறுதி எந்தப் பத்தியில் முறிந்தது என்பதைத் தாங்களே கண்டுகொள்வீர்கள்.

1. பொங்கல் கலைவிழா மேடைக்குப் பாடகர் மூவரைத் தேர்ந்தெடுக்க, தங்கள் அலுவலகத்தின் மேற்பார்வையில், எங்கள் ஊர் தீவு இசை ரசிகர் மன்றம் இப்போட்டியை நடத்தியது. மண்டபத்தில் ஒரு பியானோ சும்மா கிடப்பதைக் கண்ட மன்றச் செயலாளர் திரு. ராமதாஸ், "பியானோ அல்லது அதுபோன்ற கட்டைகள் உள்ள கருவியின் துணையோடு தமிழ்ப் பாடல்" என்று விதி வகுத்தார். அதே மண்டபத்தில் பிங்பாங் மேசை ஒன்றும் சும்மாதான் கிடக்கிறது. அது அவர் கண்ணில் படாத வரையில் தப்பித்தோம்.

2. பியானோவில் விரலால் அழுத்தும் வெள்ளை, கறுப்புத் துண்டுகளையே கட்டை என்கிறேன். ஏழு வெள்ளைக்கு ஐந்து கறுப்பு. அந்த ஐந்தும் சரிசமமாக அமையாமல், இரண்டு ஒரு பக்கம், மூன்று ஒரு பக்கமாகக் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போல உட்கார்ந்திருக்கும். இதனால் ஒரு பாட்டை முதல் வெள்ளைக் கட்டையிலிருந்து வாசிக்கப் பழகிய கை, அதே பாட்டை வேறொரு கட்டையில் தொடங்கினால் வழி தெரியாமல் நின்றுவிடும். தேர்ந்தவர்கள் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக விரலைப் பழக்கிக்கொள்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வாசிக்கக் கற்றவன். எனக்கு ஓரிடம்தான் வந்தது.

3. என் மனைவியின் சுருதி நாலரைக் கட்டை. அது கறுப்புக் கட்டையில் நிற்பது. எனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு அவர் இறங்கி வரலாகாதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "உங்களை நம்பி யாழ்ப்பாணத்திலயிருந்து பினாங்குக்கு வந்தனான். இப்ப சுருதியையும் விட்டிட்டு வரச் சொல்லுறியளோ?" என்றார். ஆகவே பியானோவை மாற்றத் தீர்மானித்தேன்.

4. பழைய மின்சார ஆர்கன் ஒன்றை வாங்கி, கட்டைகளைக் கழற்றி, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என மாறி மாறி ஆறுக்கு ஆறாக அடுக்கி, உள்ளே ஓடும் கம்பிகளையும் அதற்கேற்ப மாற்றிப் பொருத்தினேன். முதல் வெள்ளைக் கட்டையில் பழகிய விரல் இப்போது எந்த வெள்ளைக் கட்டையில் தொடங்கினாலும் தடுமாறாது. நாலரைக் கட்டையும் இந்த வரிசையில் வெள்ளையாகிவிட்டது. இப்படி அடுக்கலாம் என்று மேல்நாட்டில் பலர் எனக்கு முன்பே யோசித்திருப்பதாக நூலகத்தில் படித்தேன். ஆகவே யோசனையின் பெருமை எனக்கில்லை. மின்சாரம் தாக்கியது மட்டும் என் சொந்த அனுபவம்.

5. இனிப் போட்டிக்கு வருகிறேன். பாடியவர்கள் ஒன்பது பேர். சீட்டு குலுக்கியதில் என் மனைவிக்கு ஒன்பதாவது இடம் வந்தது. எட்டாவதாகப் பாடியவர் நிபோங் திபால் தோட்டத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் திரு. பக்கிரிசாமி. நன்றாகப் பாடினார். அவரோடு தோட்டத்து மக்கள் திரளாக வந்திருந்தார்கள். ஃபெர்ரி ஏறி அக்கரை சேர்ந்து, நிபோங் திபாலுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள். தீவையும் அக்கரையையும் இணைக்கக் கட்டிவரும் பாலம் திறந்துவிட்டால் இந்த அவசரம் இருக்காது என்கிறார்கள். பாலம் இன்னும் திறக்கவில்லை.

6. தொலைவிலிருந்து வந்தவர்களைச் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பலாகாது என்பது மன்றத்தின் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் மன்றத்தில் மேசை ஒன்றுதான் இருந்தது. ஒரு முனையில் பாடகர்களின் எண் ஒட்டிய பிஸ்கட் டின்கள், மறு முனையில் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்கள். வாக்குச் சீட்டை டின்னில் போட்டால் பொட்டலம் கைக்கு வரும். திரு. பக்கிரிசாமி பாடி முடித்ததும், விருந்தினருக்கு நேரமாகிறது என்று சொல்லி, செயலாளர் வாக்கெடுப்பைத் தொடங்கிவிட்டார். பொட்டலம் தீர்ந்துவிடுமோ என்று பயந்து, எந்த ஃபெர்ரியும் பிடிக்க வேண்டாத எங்கள் ஊர்க்காரர்களும் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் வாக்களித்தனர். இவ்வளவு ஒழுங்கான வாக்கெடுப்பை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. இன்னும் ஒருவர் பாட இருக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை.

7. நான் செயலாளரிடம் ஓடிச்சென்று நினைவூட்டினேன். அவர் என் தோளைத் தட்டி, "அங்கிள், பஸ் போயிடும்லா. ஆன்ட்டி நிதானமா பாடட்டும், யாரும் அவசரப்படுத்த மாட்டோம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கோபப்படுவதற்கு வசதியாக எதையும் அவர் சொல்லவில்லை.

8. நான் என் ஆர்கனில் வாசிக்க, என் மனைவி பாடினார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் அத்தனை ஒலிபெருக்கிகளுக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும் குரல் அது. பொட்டலத்தைப் பிரித்தவர்கள் பிரித்தபடியே இருந்தார்கள். பாட்டு முடியும் வரை ஒருவரும் ஒரு வாய் உண்ணவில்லை. மண்டபத்தைக் கூட்டும் சின்னம்மா இதற்குச் சாட்சி. அத்தனை மீயும் ஆறிப்போனதென்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். அதன் பிறகு டின்கள் திறக்கப்பட்டன. திரு. பக்கிரிசாமிக்கு முதல் பரிசு. என் மனைவிக்குப் பதினோரு வாக்குகள், கடைசி இடம். அவற்றில் பத்து எங்கிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியும். என்னுடையதும் என் மைத்துனர் வீட்டாருடையதும். பதினோராவது வாக்கு யாருடையது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பாடகர்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு உண்டு என்பதால் என் மனைவியுடையதோ என்று எண்ணி விசாரித்தேன். "அந்தத் தம்பி நல்லாப் பாடினவர். நான் அவருக்குத்தான் போட்டனான்" என்றார்.

9. இதுபற்றி மன்றத்துக்கு எழுதினேன். வாக்கெடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் பதில் வந்தது. கட்டைகளின் வரிசையை மாற்றியது பாடகருக்கு நியாயமற்ற வசதி, ஆகவே வாக்கு எத்தனை விழுந்திருந்தாலும் திருமதி யோகலட்சுமி தகுதியற்றவர், இனிவரும் போட்டிகளிலும் சேர்க்கப்படார் என்று எழுதியிருந்தார்கள். ஐயா, அந்த வசதி பாடியவருக்கு அல்ல. வாசிக்கத் தெரியாதவனுக்கு. நான் கைதேர்ந்தவனாக இருந்திருந்தால் மண்டபத்துப் பியானோவிலேயே அவருக்கு வாசித்திருப்பேன். என் மனைவி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, சுருதிப்பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டார். பொங்கலுக்கு மட்டுமல்ல, இனி எப்போதும் இல்லை என்கிறார். காலையில் அந்தப் பெட்டியின் ஒலி கேட்டு எழுந்தே எனக்குப் பழக்கம். இப்போது அது கேட்பதில்லை. வீட்டில் இருக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

10. வாக்களிக்கும் முறை குறித்து அடியேனுக்கு ஒரு யோசனை உண்டு. ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுக்கலாம். முதலாவது தத்தம் சொந்தக்காரருக்கு. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். இரண்டாவது, சொந்தமில்லாதவர்களில் நன்றாகப் பாடியவருக்கு. பிறகு இரண்டாவதை மட்டும் எண்ணினால் போதும். முதலாவதை அவரவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று காட்டிக்கொள்ளலாம். மைத்துனர் வீட்டாரோடு எனக்குள்ள உறவும் கெடாது.

11. சென்ற ஞாயிறன்று திரு. பக்கிரிசாமி ஃபெர்ரி ஏறி எங்கள் வீடு தேடி வந்தார். தம் கோப்பையை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். போட்டியன்று மேடைக்குப் பின்னால் அவர் தம் முறைக்காகக் காத்திருந்தபோது, என் மனைவி மெல்லிய குரலில் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அக்கா பாடுனத கேட்டேன்லா. என் சீட்ட அப்பவே அவங்களுக்குன்னு வச்சிட்டேன்" என்றார். பதினோராவது வாக்கு யாருடையது என்பது இவ்வாறு தெரிந்தது. மேலும், முடிவு தெரிந்துகொள்ள நின்றதால் அவர் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, என் மனைவி மேடையில் பாடியதையும் கேட்டிருக்கிறார். அத்தனை பேர் கூடிய மண்டபத்தில், எதிராளியின் பாட்டைக் கேட்டு அவருக்கே வாக்களித்தவர்கள் இருவர்தான். அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

12. என் வேண்டுதல் பெரிதல்ல. தேர்வான மூவரின் இடத்தையும் பறிக்க வேண்டாம். பொங்கல் மேடையில் நாலாவதாக ஒருவர் பாட அனுமதித்து, கடைசிப் பாட்டு முடிந்த பிறகு முதலிடத்துக்கு மறுபடி வாக்கெடுக்க உத்தரவிட வேண்டும். சாப்பாடு வேறு மேசையில் இருக்கட்டும். என் கருவிதான் தடை என்றால் அதை நான் கொண்டுவரவில்லை. இவ்வளவு பாடுபட்டு அடுக்கிய கட்டைகளை விட்டுவிட்டு வர மனம் கேட்கவில்லை என்பதை மறைக்கமாட்டேன். ஆயினும் அவருக்குச் சுருதிப்பெட்டி ஒன்று போதும். அதை அலமாரியிலிருந்து இறக்கித்தர நான் இருக்கிறேன். அவர் பாடும் நேரத்தில் பொட்டலம் கொடுக்கும் மேசையைக் காவல் காக்கவும் எனக்குச் சம்மதம். ஒருவரும் நெருங்காதபடி பார்த்துக்கொள்வேன்.

பொங்கலுக்கு முன் தங்கள் முடிவு தெரிந்தால் அவர் சாதகம் செய்ய நாள் கிடைக்கும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: ஜார்ஜ் டவுன்
நாள்: 3.12.1984

தங்கள் பரிவை எதிர்நோக்கும்,
ஆ. விநாசித்தம்பி

இதில் என்னைப் பற்றி விநாசித்தம்பி ஐயா எழுதியிருப்பது எல்லாம் உண்மை. இன்னைக்கு மறுபடி வந்து படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அக்கா பாட்டையும் கேட்டுட்டு ஜனங்க எனக்குப் போட்டாத்தான் நான் ஜெயிச்சேன்னு வீட்ல சொல்ல முடியும். அதுவரைக்கும் கோப்பை பையிலேயே இருக்கும்.

பக்கிரிசாமி,
நிபோங் திபால்.